எஸ்சிட்டலோபிராம் நிறுத்தி ஆறு நாள்: தலைக்குள் ஷாக், தலைசுற்றல். திரும்ப ஆரம்பிக்கணுமா, பொறுத்துக்கணுமா?

செல்வி_அல்சூர்:

வணக்கம். என் தங்கைக்காகக் கேக்கறேன். வயசு 29, பெங்களூர்ல மான்யதா பக்கம் ஷிஃப்ட் வேலை. பதட்டம், மனச்சோர்வு ரெண்டுக்கும் சேர்த்து எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. ஒன்றரை வருஷமா ராத்திரி ஒண்ணு போட்டுக்கிட்டு இருந்தா. கடைசி எட்டு மாசம் நல்லாவே இருந்தா. தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கோம். அதுக்குள்ள மாத்திரையை விட்டுடணும்னு வீட்டுல எல்லாருக்கும் அவசரம். ரெண்டு வாரம் பாதி மாத்திரை, அப்புறம் நிறுத்திக்கலாம்னு டாக்டர் சொன்னார். அப்படியே செஞ்சோம்.

நிறுத்தி இன்னிக்கு ஆறாவது நாள். மூணாவது நாள் சாயங்காலம் ஆரம்பிச்சது. கண்ணைச் சட்டுனு பக்கவாட்டுல திருப்பினா தலைக்குள்ள சுரீர்னு ஒரு ஷாக், ஒரு நொடிகூட இருக்காது, ஆனா ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை வருது. நடந்தா தரை மெத்தை மாதிரி அமுங்குதாம். குமட்டல். கண்டபடி கனவு, நடு ராத்திரி வேர்த்துக் கொட்டி எழுந்துக்கறா. டிவியில விளம்பரம் பார்த்தாக்கூட அழுகை. ஆனா பழைய மாதிரி "எதுக்கு வாழணும்" எண்ணம் இல்லை. அதை நேராவே கேட்டுட்டேன்.

டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இன்னும் பன்னிரண்டு நாள் கழிச்சுதான். இது பழைய நோய் திரும்புறதா, மாத்திரை நிறுத்தினதால வர்றதா? திரும்பக் குடுக்கணும்னா எவ்வளவு? 5 மி.கி.க்குக் கீழ மாத்திரையே கிடைக்கலையே, எப்படிக் குறைக்கறது? ஸ்கூட்டர்ல வேலைக்குப் போறா, அது சரியா?

—

கேஆர்புரம்_ராஜா:

அட்டையில மிச்சம் இருந்தா அந்தப் பாதி மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுங்க. ரெண்டு வாரத்துல உடம்பு தானா பழகிடும். பயப்படாதீங்க.

—

ஓசூர்ரோடு_சிஸ்டர்:

செல்வி, மனநல வார்டு நர்ஸ் நான். முதல்ல ராஜா சார் சொன்னதை எடுத்துக்கறேன், ஏன்னா இந்த யோசனை எல்லார் வாயிலும் இருக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேண்டாம். எஸ்சிட்டலோபிராம் ரத்தத்துல பாதியாக் குறைய சுமார் 30 மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குப் போட்டு, அடுத்ததை ரெண்டு நாள் கழிச்சுப் பத்து மணிக்குப் போட்டா, அந்த 48 மணி நேரத்துல அளவு மூணுல ஒரு பங்குக்கு இறங்கிடும். மாத்திரை போட்டதும் ஏறும், திரும்ப இறங்கும். உடம்பைப் பழக்கணும்னு நினைச்சு தினம் ஊஞ்சல்ல வெச்சு ஆட்டுறோம். எவ்வளவு சின்ன அளவா இருந்தாலும் அதைத் தினமும், அதே நேரத்துல குடுக்கறதுதான் முறை. இதுக்கு விலக்கு இதே வகை மருந்தான ஃபுளுவாக்சிடின் ஒண்ணுதான். தொடர்ந்து சாப்பிட்டவங்களுக்கு அது பாதியாக் குறைய 4 முதல் 6 நாள் ஆகும், அதிலிருந்து உண்டாகிற பொருள் இன்னும் மெதுவாப் போகும். அதனால ஒரு நாள் விட்டாலும் பெரிசாத் தெரியாது.

அதே 30 மணிக் கணக்கைப் போட்டா உங்க தங்கைக்கு மூணாவது நாள் ஆரம்பிச்சதுக்கும் காரணம் தெரியும். மூணு நாள் முடியும்போது அளவு ஐந்துல ஒரு பங்குதான் மிச்சம். நீங்க எழுதின ஷாக், மெத்தை மாதிரித் தரை, குமட்டல், கனவு, வேர்வை, காரணமில்லாத அழுகை எல்லாம் நிறுத்தினதால வர்ற கோளாறோட அசல் முகம். குறிப்பா அந்த சுரீர். மனச்சோர்வு திரும்பினா கண்ணைத் திருப்பும்போது தலைக்குள்ள ஷாக் அடிக்காது. வேற நோய்லயும் இப்படிச் சொல்றவங்க ரொம்பக் குறைவு.

ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க மூணு விஷயம் கவனிங்க. ஒண்ணு காலம். நிறுத்தின கோளாறு சில நாள்ல சட்டுனு வரும், நோய் திரும்புறது வாரக்கணக்குல மெல்ல மெல்ல வரும். ரெண்டாவது உடம்பு. புதுசா, முன்னாடி நோய் இருந்தப்போகூட இல்லாத உடம்புத் தொந்தரவு இருந்தா நிறுத்தினதுதான். மூணாவது, மாத்திரையைத் திரும்பக் குடுத்தா என்ன ஆகுதுங்கறது. நிறுத்தின கோளாறு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும். மனச்சோர்வு அப்படி மூணு நாள்ல அடங்கவே அடங்காது, அதுக்கு வாரங்கள் வேணும்.

ரெண்டும் ஒண்ணா வரவும் செய்யும். அதனால இன்னிலேருந்து ஒரு நோட்டுல தேதி, எத்தனை மணிக்கு எவ்வளவு மி.கி., தூக்கம் எத்தனை மணி நேரம், ஷாக் எத்தனை, தலைசுற்றலுக்குப் பத்துக்கு எத்தனை, மாதவிடாய் தேதி, இதெல்லாம் எழுதுங்க. ரெண்டு வரி போதும். "ஒரு மாதிரியா இருக்கு"ன்னு சொன்னா எந்த டாக்டராலும் ஒண்ணும் செய்ய முடியாது. "ஷாக் 30லேருந்து 6 ஆச்சு"ன்னா முடிவெடுக்கலாம்.

எல்லாத்தையும் இது தலையிலேயே போட்டுடவும் வேண்டாம். படுக்கையில புரளும்போது மட்டும் உலகமே சுத்தினா அது காதுக்குள்ள இருக்கற சமநிலைக் கோளாறா இருக்கலாம். குமட்டலும் மாதவிடாய் தள்ளிப்போறதும் சேர்ந்தா கர்ப்பமான்னு சோதிக்கணும். ரத்தசோகை, தைராய்டு ரெண்டும் இதே வயசுப் பெண்களுக்கு அடிக்கடி இருக்கற விஷயம்.

ஸ்கூட்டர் வேண்டாம். சில்க் போர்டு மாதிரி நெரிசலான சந்திப்புல கண்ணாடியைப் பார்க்கக் கண்ணைத் திருப்பற அதே நொடியிலதான் ஷாக் அடிக்கும். ஷாக் நின்னு ஒரு வாரம் ஆகட்டும்.

திரும்பக் குடுக்கறது பத்தி, ஆறு நாள்தான் ஆகியிருக்கு, தொந்தரவும் கணிசமா இருக்கு. இந்த நிலையில நல்லா இருந்த கடைசி அளவுக்கே திரும்பப் போறதுதான் வழக்கம். பன்னிரண்டு நாள் காத்திருக்காதீங்க. கிளினிக்குக்கு போன் பண்ணி, "நிறுத்தினதால கோளாறு, ஆறாவது நாள்"னு இந்த வார்த்தையிலேயே சொல்லுங்க. வரவேற்புல இருக்கறவங்க "மாத்திரை தீர்ந்துபோச்சாம்"னு எழுதிக்கிட்டா அடுத்த வாரம்தான் கூப்பிடுவாங்க.

—

பார்மசி_பாலா:

சிஸ்டர் சொன்னதோடு மருந்துக் கடைப் பக்கம் இருந்து ஒன்று, அதுவும் அவசரமாக. செல்வி, அட்டையின் பின்பக்கத்தைப் படித்து அப்படியே இங்கே எழுதுங்கள். பெயர் அல்ல, கீழே பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானம். நம் நாட்டில் எஸ்சிட்டலோபிராம் தனியாக வருவது போலவே குளோனாசெபாம் சேர்ந்தும் வருகிறது. பெயருக்குப் பக்கத்தில் "பிளஸ்" என்றோ வேறு ஓரிரு எழுத்தோ மட்டும் கூட இருக்கும், அட்டை ஒரே நிறம். "எஸ்சிட்டலோபிராம் 10" என்று வீட்டில் சொல்கிற பலர் கையில் இருப்பது கூட்டு மாத்திரைதான். அது தெரியாமல் மேலே எதுவும் சொல்லக் கூடாது.

குமட்டலுக்கு நீங்களாகக் கடையில் வாந்தி மாத்திரை வாங்க வேண்டாம். ஆன்டான்செட்ரான், டொம்பெரிடோன் இரண்டும் எஸ்சிட்டலோபிராமைப் போலவே இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தக்கூடியவை. மாத்திரையைத் திரும்பத் தொடங்கும் நேரத்தில் சேர்ந்தால் சிக்கல். சளிக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள இருமல் மருந்து, வலிக்கு டிரமடால், இரண்டும் வேண்டாம், எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்தால் அவை மூளையில் செரோடோனின் என்ற ரசாயனத்தை அளவுக்கு மீறி ஏற்றும். தலைவலி என்றால் பாராசிட்டமால் போதும். சுக்குக் கஷாயம் கொடுக்கலாம்.

—

செல்வி_அல்சூர்:

பாலா சார், இப்பத்தான் அட்டையைப் பார்த்தேன். எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., குளோனாசெபாம் 0.5 மி.கி.னு போட்டிருக்கு. பேர்ல பிளஸ் இருக்கு. ஒன்றரை வருஷமும் இதுதான். எங்களுக்கு இது ரெண்டு மருந்துன்னே தெரியாது. இப்ப என்ன செய்யறது?

—

மனநல_மருத்துவர்_டி:

செல்வி, நீங்கள் அட்டையைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. உங்கள் தங்கையை நான் பார்க்கவில்லை, எனவே அளவை முடிவு செய்ய வேண்டியவர் சீட்டு எழுதிய மருத்துவர். ஆனால் அவரிடம் என்ன பேச வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன்.

நிறுத்தியது ஒரு மருந்தை அல்ல, இரண்டை. குளோனாசெபாம் தூக்கமும் அமைதியும் தரும் வேறு வகை மருந்து. ஒன்றரை வருடம் தினமும் போனால் மூளை அதற்கும் பழகிவிடும். பாதி மாத்திரை என்றபோது எஸ்சிட்டலோபிராம் 5, குளோனாசெபாம் 0.25 ஆனது. நிறுத்தியபோது இரண்டும் ஒரே இரவில் பூஜ்யம். தூக்கமின்மை, நடுக்கம், வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் இருப்பது, தசை துடிப்பது, மார்பு படபடப்பு ஆகியவை வந்தால் இதன் பங்கு அதிகம். குளோனாசெபாமை சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. இந்தச் சிறிய அளவில் அது அரிது, ஆனாலும் பன்னிரண்டு நாள் காத்திருக்கும் விஷயம் அல்ல. இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது, பழைய சீட்டும் அட்டையும் கையில் எடுத்துப் போங்கள். வீட்டில் இருந்தபடி பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழ் தேர்ந்தெடுக்கலாம். அக்டோபர் 2022ல் தொடங்கிய இந்தச் சேவைக்கு நிம்ஹான்ஸ்தான் தலைமை மையம்.

வலிப்பு, தற்கொலை எண்ணம், ஆள் குழம்பிப் பேசுவது, ஓரிடத்தில் உட்காரவே முடியாத தவிப்பு, இரண்டு மூன்று இரவு தூங்காமலே களைப்பின்றி அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருப்பது, இவற்றில் எது வந்தாலும் போன் வேண்டாம், நேராக மருத்துவமனை. நடக்க முடியாத நிலை என்றால் 108.

மருத்துவர் பெரும்பாலும் செய்யக்கூடியது இது. கடைசியாக நன்றாக இருந்த அளவுக்கு, அதாவது பாதி மாத்திரைக்கு, திரும்பக் கொண்டுபோவார். ஓரிரு நாளில் ஷாக் குறையும். நிலைமை சமமாகிச் சில வாரம் அங்கேயே நிற்பது நல்லது. பிறகு கூட்டு மாத்திரையைப் பிரித்து எஸ்சிட்டலோபிராம் தனி, குளோனாசெபாம் தனி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். கூட்டு மாத்திரையில் ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும், எது எதனால் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. எதை முதலில் குறைப்பது என்பது அவர் முடிவு. இரண்டையும் ஒரே மாதத்தில் குறைக்காமல் இருந்தால் போதும்.

இனி "5 மி.கி.யிலிருந்து நிறுத்தினால் என்ன, அது சின்ன அளவுதானே" என்ற கேள்வி. இங்கேதான் நோயாளிகளும், சொல்லப்போனால் எங்களில் பலரும், தவறுகிறோம். இந்த மருந்து மூளையில் செரோடோனினைத் திரும்ப உறிஞ்சும் கடத்தியைப் பிடித்து வைக்கிறது. அளவுக்கும் பிடிப்புக்கும் நேர்கோட்டு உறவு இல்லை. 2019ல் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் எடுத்துக்காட்டிய கணக்கு சிட்டலோபிராமுக்கானது. 20 மி.கி.யில் சுமார் 80 சதவீதப் பிடிப்பு. 9 மி.கி.க்கு வந்தால் 70. அதாவது மாத்திரையைப் பாதிக்கும் கீழே குறைத்தும் பிடிப்பு பத்து சதவீதம்தான் குறைந்தது. 5.4ல் 60, 2.3ல் 40, 0.8ல்கூட 20 சதவீதம் இருக்கிறது. எஸ்சிட்டலோபிராம் சிட்டலோபிராமின் வேலை செய்யும் பாதி, எனவே இந்த அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். 5 மி.கி. எஸ்சிட்டலோபிராமில் பிடிப்பு ஏறக்குறைய 70. அங்கிருந்து நிறுத்தினால் 70லிருந்து பூஜ்யம். மேலே உள்ள படிகள் எல்லாம் விரல் உயரம், கடைசிப் படி மட்டும் ஆள் உயரம். "10லிருந்து 5க்கு வந்தபோது ஒன்றும் ஆகவில்லையே" என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

எனவே குறைக்க வேண்டிய அளவு மி.கி. கணக்கில் சமமாக இருக்கக் கூடாது, பிடிப்புக் கணக்கில் சமமாக இருக்க வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முந்தைய அளவில் இத்தனை பங்கு என்றே குறைக்கச் சொல்கிறது: உதாரணமாகப் பாதி, கீழே வர வர கால் பங்கு. மாத்திரையால் முடியாத அளவு வந்தால் திரவ மருந்து. எஸ்சிட்டலோபிராமுக்கு ஒரு மாதிரி அட்டவணை 5, 3, 2, 1, 0.5, 0.25 மி.கி., பிறகு நிறுத்தம். ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம். அடுத்த படிக்குப் போவதைக் காலண்டர் முடிவு செய்யக் கூடாது, சிஸ்டர் சொன்ன நோட்டுதான் முடிவு செய்ய வேண்டும். ஒரு படியில் தொந்தரவு வந்து அடங்கி, ஒரு வாரமாவது அமைதியாக இருந்தால் அடுத்தது. அடங்கவே இல்லை என்றால் ஒரு படி மேலே ஏறி நின்று, இன்னும் சிறிய துண்டாக இறங்க வேண்டும்.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயப்படவும் வேண்டாம். 2024ல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்த தொகுப்பாய்வில் மனச்சோர்வு மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதத்துக்கு ஏதாவது ஒரு தொந்தரவு. ஆனால் ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம். கடுமையானது சுமார் 35ல் ஒருவருக்கு. அந்த ஆய்வுகள் பலவற்றில் மருந்து சாப்பிட்ட காலம் குறைவு என்பதால், வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த மாட்டேன். பலருக்கு ஓரிரு வாரத்தில் தீரும், சிலருக்கு மாதங்கள் நீளும். வீட்டில் "அடிமை ஆகிவிட்டாளோ" என்று யாராவது கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள். எஸ்சிட்டலோபிராமுக்கு ஏக்கம் கிடையாது, அளவு கூட்டிக்கொண்டே போகத் தோன்றாது. உடல் ஒன்றுக்குப் பழகியிருந்தது, அதைத் திடீரென்று எடுத்தோம். குளோனாசெபாமுக்கு அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன், அதைச் சீட்டின்றிக் கடையில் வாங்கிக் குடிக்கும் பழக்கம் வந்துவிடக் கூடாது.

கடைசியாகக் கல்யாணம். இந்த அட்டவணை தையைத் தாண்டித்தான் முடியும். தாண்டட்டும். 2021ல் வெளிவந்த ஆன்ட்லர் ஆய்வில் நீண்ட காலம் மருந்து சாப்பிட்டு நலமாக இருந்த 478 பேரில், தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்துக்கும் நிறுத்தியவர்களில் 56 சதவீதத்துக்கும் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. நிறுத்துவது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. நிறுத்தும் வருடம் அமைதியான வருடமாக இருக்க வேண்டும். புது வீடு, புது ஆட்கள், வேலை மாற்றம் எல்லாம் சேரும் மாதங்களில் குறைப்பை நிறுத்தி வைத்து, அதே அளவில் தொடர்ந்துவிட்டு, பிறகு தொடரலாம். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு ஒரு மாத்திரை போட்டால் எதுவும் கெடாது. மணையில் உட்கார்ந்து தலை சுற்றினால்தான் கஷ்டம். குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள், கர்ப்பம் தெரிந்த அன்று பயந்து திடீரென்று நிறுத்துவதைத்தான் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

—

பார்மசி_பாலா:

5 மி.கி.க்குக் கீழே எப்படி என்ற கேள்விக்கு. சில நாடுகளில் எஸ்சிட்டலோபிராம் சொட்டு மருந்தாகவே விற்கிறது. இங்கே கடையில் எளிதில் கிடைப்பது மாத்திரைதான். மருத்துவர் ஒப்புக்கொண்டால் தண்ணீரில் கரைத்து அளக்கலாம். கூட்டு மாத்திரையில் இதைச் செய்யவே கூடாது, தனி எஸ்சிட்டலோபிராம் வந்த பிறகுதான்.

தேவையானவை: தனி எஸ்சிட்டலோபிராம் 5 மி.கி. மாத்திரை, மூடியுள்ள சின்னப் பாட்டில், ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்று. கடையில் "குழந்தைக்கு மருந்து கொடுக்கிற சிரிஞ்ச்" என்று கேட்டால் புரியும். இன்சுலின் சிரிஞ்ச் வாங்கிவிடாதீர்கள். அதில் கோடுகள் யூனிட் கணக்கு, நம்மூர்ச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 40 கோடு ஒரு மி.லி., பத்துக் கோட்டை ஒரு மி.லி. என்று நினைத்து அளந்தால் கால் பங்குதான் போகும். கரண்டியும் வேண்டாம், வீட்டுக்கு வீடு கரண்டி வேறு.

மாத்திரையைப் பொடித்து, அல்லது முழுசாகவே, பாட்டிலில் போட்டு ஆறவைத்த தண்ணீர் சரியாக 5 மி.லி. சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். இப்போது ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. மேல்பூச்சு ஊறி உடைய சில நிமிடம் ஆகும். இது தெளிந்த கரைசல் ஆகாது, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்கும், நிற்க விட்டால் அடியில் படியும். குலுக்கிய கையோடு உறிஞ்ச வேண்டும், குலுக்கி வைத்துவிட்டுப் போன் எடுக்கப் போனால் மேல் தண்ணீரில் மருந்து குறைவு, அடியில் அதிகம். 3 மி.கி. என்றால் 3 மி.லி., 0.5 மி.கி. என்றால் சின்ன சிரிஞ்சில் 0.5 மி.லி. குடித்த பிறகு அதே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் இழுத்து அதையும் குடித்துவிடச் சொல்லுங்கள், சுவரில் ஒட்டியது போய்ச் சேரும். கசப்பு கடுமை, நாக்கு மரக்கும். பயப்பட ஒன்றுமில்லை. மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

மாத்திரை வெட்டும் கருவி பாதிக்குச் சரி. காலாக வெட்டினால் துண்டுகள் சமமாக வராது, பொடியும் உதிரும். குறைக்கும் மாதங்களில் கம்பெனி மாற்றாமல் ஒரே பெயரில் வாங்குங்கள், தீர நான்கு நாள் முன்பே வாங்குங்கள். ஊருக்குப் போய் ரயில் ஏறிய பிறகு அட்டை ஞாபகம் வந்தால் அங்கே கிடைப்பது பிளஸ் அட்டையாக இருக்கலாம்.

—

ஜெயநகர்_வித்யா:

நடுவுல ஒரு கேள்வி, மன்னிக்கணும். அம்மாவுக்கு சர்க்கரையால கால் எரிச்சல்னு டுலாக்சிடின் 30 கேப்சூல். வலி குறைஞ்சதால நிறுத்தச் சொல்லிட்டாங்க. இதுக்கும் இந்த மாதிரி ஆகுமா? அதையும் கரைக்கலாமா?

—

பார்மசி_பாலா:

ஆகும் வித்யா. டுலாக்சிடினும் மனச்சோர்வு மருந்துதான், நரம்பு வலிக்கும் கொடுக்கிறார்கள். வலிக்காகச் சாப்பிட்டாலும் மூளை அதே மாதிரிதான் பழகும். ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 12 மணி நேரம்தான், அதனால் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரியும். கரைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது. உள்ளே இருக்கும் குருணைகளுக்கு வயிற்று அமிலம் படாமல் பூச்சு இருக்கிறது, அது உடைந்தால் மருந்து வீணாகும். 20 மி.கி. கேப்சூல் கிடைக்கிறது, அங்கிருந்து கீழே போக மருத்துவர் குருணைகளை எண்ணிக் குறைக்கும் முறையைச் சொல்லக்கூடும். வென்லாஃபாக்சின் எக்ஸ்.ஆர்., டெஸ்வென்லாஃபாக்சின், பராக்சிடின் சி.ஆர். இவையும் மெதுவாக வெளிவரும்படி செய்தவை. பொடித்தால் ஒரு நாள் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். அம்மாவுக்கு முழங்கால் வலிக்கு யாராவது டிரமடால் எழுதியிருந்தால், டுலாக்சிடின் சாப்பிடுவதை அவர்களிடம் சொல்லுங்கள்.

—

கேஆர்புரம்_ராஜா:

சிஸ்டர், நான் சொன்னது தப்புன்னு புரிஞ்சது. கூட வேலை பார்க்கற ரெண்டு பேருக்கு இதையே சொல்லியிருக்கேன், இன்னிக்கே கூப்பிட்டு மாத்திச் சொல்லிடறேன்.

—

செல்வி_அல்சூர்:

சிஸ்டர் சொன்ன மாதிரியே கிளினிக்ல சொன்னேன், அரை மணி நேரத்துல டாக்டரே கூப்பிட்டார். இன்னிக்கு ராத்திரிலேருந்து அதே பாதி மாத்திரை, நாலு வாரம். அப்புறம் ரெண்டையும் தனித்தனியா எழுதித் தர்றேன்னார். முதல்ல குளோனாசெபாம், அது முழுசா முடிஞ்சு ஒரு மாசம் விட்டு எஸ்சிட்டலோபிராம். நோட்டு வாங்கியாச்சு. ரெண்டு சந்தேகம். அவளுக்கு ஷிஃப்ட் மாறிக்கிட்டே இருக்கும், மாத்திரை நேரத்தை எப்படி வெச்சுக்கறது? அப்புறம் கரைக்கற கட்டம் வந்தா ஒரு தடவை கரைச்சதை ஃபிரிட்ஜ்ல வெச்சு மறுநாளும் குடுக்கலாமா?

—

ஓசூர்ரோடு_சிஸ்டர்:

ஷிஃப்டோட சேர்த்து நகர்த்தாதீங்க. எந்த ஷிஃப்டா இருந்தாலும் முழிச்சிருக்கற ஒரு நேரத்தைப் பிடிச்சு, உதாரணமா ராத்திரி ஒன்பதரைக்கு, போன்ல அலாரம். ஆனா இப்ப பாதி மாத்திரையில குளோனாசெபாம் இருக்கு, தூக்கம் வரும். நைட் ஷிஃப்ட் அன்னிக்கு ஒன்பதரைக்குப் போட்டுட்டு வேலைக்குப் போக முடியாது. அதனால இந்த நாலு வாரத்துக்கு நைட் ஷிஃப்ட் வேண்டாம்னு ஒரு சான்றிதழ் டாக்டர்கிட்டயே கேளுங்க. அதுல நோயோட பேரு எழுத வேண்டிய அவசியம் இல்லை, "மருத்துவக் காரணம்" போதும். மறந்துட்டா, ஞாபகம் வந்ததும் அன்னிக்கே போடலாம். அடுத்த வேளை நெருங்கிட்டா விட்டுடணும், ரெண்டு சேர்த்துப் போடக் கூடாது. இந்த மாத்திரையோட மதுவும் கூடாது, கல்யாணப் பார்ட்டின்னு யாராவது ஊத்திக் குடுப்பாங்க, அவளுக்கு இப்பவே சொல்லி வைங்க.

—

பார்மசி_பாலா:

ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். தினமும் புது மாத்திரை, புதுத் தண்ணீர். வீட்டில் கரைத்தது எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும் என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது, அடியில் கெட்டியாகப் படிந்தால் மறுநாள் எவ்வளவு குலுக்கினாலும் சமமாகக் கலக்காது. 0.5 மி.கி. கட்டத்தில் ஒரு மாத்திரையில் பத்தில் ஒன்பது பங்கு வீணாகும், மனசு கேட்காது, ஆனாலும் கொட்டிவிடுங்கள். சிரிஞ்சை வெந்நீரில் கழுவிக் காய வையுங்கள், கோடு அழிய ஆரம்பித்ததும் புதிது வாங்குங்கள். கரைக்கும் கட்டம் வந்ததும் 5 மி.கி. அட்டையைக் கடையில் வாங்கும்போதே பின்பக்கத்தில் எஸ்சிட்டலோபிராம் என்ற ஒரே பெயர் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.